மளிகைக் கணக்கும் குடும்ப வரலாறும்

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் மலரில் மூவேந்தர் வரலாறும் புலவர் பெருமையும் கோயிற் சிறப்பும் வெளிவருவது வழக்கம். அவற்றை எழுதத் தகுதி வாய்ந்த பெரியோர் நம்மிடையே பலர் உளர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேட்டைப் புரட்டிக் காலம் கழிக்கும் நாம் அத்துறைகளில் புகுதல் தகாது. ஆகவே, நம் கையில் உள்ள வேறொரு சான்றைக் கொண்டு வேறொரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். அது அடுக்களை அலமாரியின் வரலாறு. மாதம் முதல் தேதி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படும் சாமான் பட்டியலின் வரலாறு.

எம் இல்லத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதனுள் எம் பாட்டியார் 1942-ஆம் ஆண்டு முதல் எழுதி வைத்த கணக்கு நோட்டுகளும், அவருக்குப் பின் எம் அன்னையார் எழுதியவையும் கிடக்கின்றன. மூன்று தலைமுறையாக ரயில்வேயில் ஊழியம் புரியும் குடும்பம் எமது. ஆடவர் எழுதிய கணக்கெல்லாம் அலுவலகத்தோடு போயிற்று. பெண்டிர் எழுதிய கணக்கே வீட்டில் எஞ்சியது. சென்ற ஆண்டு வீட்டிற்கு வெள்ளையடிக்கையில் அப்பெட்டியைத் திறந்து படித்தோம். படிக்கப் படிக்க, நாட்டின் வரலாறு அரசாங்கக் கோப்புகளில் மட்டும் இல்லை, அரிசி, பருப்பு, எண்ணெய் என்ற மூன்று வரிகளிலும் இருக்கிறது என்பதை உணர்ந்தோம்.

பழங்காலத்தில் அளவு

உணவுக்கு அளவு வகுத்தல் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தோர் இதனை அறிவர். இராசராச சோழன் காலத்து அக்கல்வெட்டுகளில், இறைவனுக்குப் படைக்கும் அமுதிற்கு அரிசி எவ்வளவு, அதற்கு வேண்டிய நெல் எவ்வளவு, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து எழுதப்பட்டுள்ளது. நெல்லை அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே சூட்டியிருந்தனர். அளவில் வஞ்சம் புகக்கூடாது என்ற அச்சமும் பக்தியும் அப்பெயரில் கலந்திருந்தன போலும்.

வடநாட்டில் கௌடலியரின் அர்த்தசாத்திரமும் பண்டகசாலைத் தலைவனுக்கு உரிய பகுதியில் ஒருவர் உணவிற்கு அளவு கூறுகிறது. ஒரு பிரஸ்தம் அரிசி, அதில் நான்கில் ஒரு பங்கு பருப்பு, அதற்கேற்ற உப்பும் நெய்யும் என்பது அந்நூலின் கணக்கு. அரிசி ஒன்று, பருப்பு கால் என்ற அவ்விகிதம் இன்றும் நம் வீட்டுப் பெண்டிரின் கையளவிற்கு வெகு தொலைவில் இல்லை. பெண்டிர்க்கு அதில் முக்கால், பிள்ளைகட்கு அரை என்றும் அந்நூல் வகுக்கிறது. இந்த முக்கால் என்ற பின்னத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

வருவாய் சிறிதாயினும் செலவு அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய நெறி. அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோர் பலர். முதல் தேதி முதல் முப்பதாம் தேதி வரை அதனைக் காத்து நின்றோர், நாம் அறிந்தவரை, பெரும்பாலும் பள்ளிக்கே செல்லாத நம் பாட்டிமார்.

வீசையும் சேரும்

எம் பாட்டனார் தஞ்சை மாவட்டத்திலிருந்து பம்பாய்க்கு வந்து ரயில்வே பணிமனையில் எழுத்தராக அமர்ந்தார். அவர் 1941-இல் மணம் முடித்துப் பாட்டியாரை அழைத்து வந்தார். பாட்டியார் கற்ற முதல் பாடம் மராத்தி மொழியன்று, நிறைகளின் பெயரே.

சென்னை மாகாணத்து நிறையில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. வடக்கேயோ சேர் என்றால் எண்பது தோலா. அதாவது, நம் ஊர்ச் சேர் இன்றைய கணக்கில் சுமார் 280 கிராம். வடநாட்டுச் சேர் சுமார் 933 கிராம். பெயர் ஒன்று, பொருளோ மூன்று மடங்கிற்கும் அதிகம். மணங்கும் அவ்வாறே. நம் மணங்கு ஏறத்தாழ 11 கிலோ. நாற்பது சேர் கொண்ட வடநாட்டு மணங்கு 37 கிலோவிற்கு மேல். "ஒரு சேர் புளி" என்று கேட்டு, வந்த பொட்டலத்தைக் கண்டு திகைத்ததைப் பாட்டியார் முதுமையிலும் சொல்லிச் சிரிப்பார். அவர் நோட்டின் முதற்பக்கத்தில் வீசைக்கும் சேருக்கும் ராத்தலுக்கும் ஒரு சிறு வாய்பாடு காணப்படுகிறது. அக்காலத்தில் ஊரைவிட்டு வெளியேறிய தமிழ்ப் பெண்டிர் எத்தனை பேர் இத்தகைய வாய்பாட்டை எழுதியிருப்பர்! அவற்றை எந்த நூலகமும் சேர்த்து வைக்கவில்லை.

அரசாங்கம் அடுக்களையை எட்டிப் பார்த்தது

குடும்பச் செலவை ஆராய்வது ஒரு கலையாக ஐரோப்பாவில் வளர்ந்தது. எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் செருமானிய அறிஞர், பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்து 1857-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வருவாய் குறையக் குறைய, அதில் உணவு விழுங்கும் பங்கு கூடும் என்பதே அது. ஏழைக்குச் சோறே பெருஞ்செலவு என்பதை நாம் அறிவோம். அவர் அதனை எண்ணால் நிறுவினார்.

நம் நாட்டில் முதல் உலகப் போரின்போது விலைவாசி தாறுமாறாக ஏறியது. 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து விலையை நூறு என்று கொண்டு பம்பாயில் வகுக்கப்பட்ட வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண், 1920-இல் ஏறத்தாழ இரு மடங்கை எட்டியது. கூலி போதாமல் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. பம்பாய் அரசாங்கம் தொழிலாளர் அலுவலகம் ஒன்றை நிறுவி, 1921, 1922-ஆம் ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டியது. அரிசி எவ்வளவு, சோளம் எவ்வளவு, விறகு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டனர். முடிவில் வெளிப்பட்டவை இரண்டு. செலவில் பாதிக்கு மேல் உணவிற்கே சென்றது. ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் கடனில் இருந்தன. அக்கடன் இரண்டரை மாத வருவாய்க்குச் சமம். பின்னர் 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணைக்குழு, தொழில் நகரங்கள் பலவற்றில் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாமல் கடன்பட்டோர் என்று மதிப்பிட்டது.

கடன் எங்கே பிறந்தது? திருமணத்தில் பிறந்தது, நோயில் பிறந்தது, மளிகைக் கடைப் பற்று நோட்டிலும் பிறந்தது. இதற்கு மாற்றுத் தேடியோரும் இருந்தனர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் கூடி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் கூட்டுறவுக் கடை திறந்தனர். சரியான எடை, கலப்படமற்ற பொருள், ரொக்க விற்பனை, ஆதாயத்தில் உறுப்பினர்க்குப் பங்கு என்பன அவர்கள் வகுத்த நெறிகள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்நெறியைத் தமிழகத்தில் ஊன்றியது. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களுமான நடுத்தரக் குடும்பத்தினர்க்கு அது பெருந்துணையாயிற்று.

பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மறு ஆண்டே வங்காளத்தில் கொடிய பஞ்சம் மூண்டு பல லட்சம் உயிர்களை விழுங்கியது. பம்பாய் நகரில் 1943 மே மாதம் தானியப் பங்கீடு தொடங்கியது. கல்கத்தா நகருக்கு அது 1944-இல்தான் வந்தது. பாட்டியாரின் நோட்டில் 1943-ஆம் ஆண்டு நடுவில் "கார்டு" என்ற சொல் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதன்பின் பத்தாண்டு அச்சொல் இல்லாத பக்கம் இல்லை.

அரிசி உண்டு பழகிய நம்மவர்க்குக் கோதுமையும் சோளமும் கம்பும் கலந்து வந்தன. சப்பாத்தி இடத் தெரியாத பாட்டியார், கோதுமையைத் திரித்துத் தோசை வார்த்தும் ரவையாக உடைத்து உப்புமா கிண்டியும் காலந்தள்ளினார். 1946-இல் பங்கீட்டின் அளவு நாளொன்றுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு அவுன்சாகக் குறைக்கப்பட்டது; அது இன்றைய கணக்கில் சுமார் 340 கிராம். உடலுழைப்போர்க்கு அது எம்மட்டு?

போர்க்காலத்தில் ரயில்வே நிர்வாகங்கள் தம் ஊழியர்க்கெனத் தானியக் கடைகள் திறந்து, குறைந்த விலையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விற்றன. அக்கடை இல்லையேல் எம் போன்ற குடும்பங்கள் அக்காலத்தைக் கடந்திருக்க மாட்டா. பின்னர் வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் ஊதியக் குழு 1947-இல் அறிக்கை தந்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம், 25 ரூபாய் பஞ்சப்படி, ஆக 55 ரூபாய் என்று அரசு ஊழியரின் மிகக் குறைந்த ஊதியத்தை அது வகுத்தது. தானியக் கடைகள் காலப்போக்கில் மறைந்தன, பஞ்சப்படி நிலைத்தது. பஞ்சப்படி என்ற பெயரிலேயே பஞ்சம் உறைந்திருப்பதைக் கவனியுங்கள்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டின் இறுதியில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலைகள் பாய்ந்தேறவே 1948-இல் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. சென்னையில் 1952-இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, அச்செய்தியை ஊரிலிருந்து வந்த கடிதத்தில் படித்துப் பாட்டியார் பெருமூச்செறிந்தாராம். "அங்கே இனிக் கார்டு இல்லையாம்" என்று ஒரு வரி நோட்டின் ஓரத்தில் இருக்கிறது.

குன்னூரில் வகுத்த உணவு

இவ்வரலாற்றில் நம் நாட்டு மலையூர் ஒன்றிற்கும் பெரிய பங்கு உண்டு. நீலகிரிக் குன்னூரில் உணவாராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வந்தது. 1935 முதல் பத்தாண்டுக் காலம் அதன் தலைவராக இருந்தவர் ஆக்ராய்டு என்னும் மருத்துவ அறிஞர். இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அளந்து, ஒருவர்க்கு நாளொன்றுக்குத் தானியம் இவ்வளவு, பருப்பு இவ்வளவு, காய் இவ்வளவு, பால் இவ்வளவு என்று அவர் வகுத்தார். வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்; பசியை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர்.

1957 ஜூலையில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, மிகக் குறைந்த கூலியைக் கணக்கிட ஆக்ராய்டு வகுத்த அளவையே அடிப்படையாகக் கொண்டது. உழைக்கும் ஒருவர் மூன்று நுகர்வு அலகுகளைக் காக்க வேண்டும், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, விளக்கு, விறகு முதலியவற்றிற்கு ஐந்தில் ஒரு பங்கு என்று அது நெறி வகுத்தது. அறுபதாண்டுகளுக்குப் பின், 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் 18,000 ரூபாய்க் குறைந்த ஊதியமும் இந்நெறியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. அக்குழுவின் கணக்குப்படி ஓர் அலகிற்கு நாளொன்றுக்கு 475 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு, 200 மில்லி பால், 40 கிராம் எண்ணெய். மூன்று அலகிற்கு மாதம் 42¾ கிலோ தானியம், 7 கிலோ 200 கிராம் பருப்பு, 18 லிட்டர் பால், 3 கிலோ 600 கிராம் எண்ணெய் என்றாகும். நம் வீட்டுப் பட்டியலை இதனருகே வைத்து ஒருமுறை பாருங்கள். தானியத்தில் நாம் குறைவாகவும் எண்ணெயில் அதிகமாகவும் இருப்போர் பலராக இருக்கக்கூடும்.

மூன்று அலகு எவ்வாறு வந்தது? ஆண் ஒன்று, பெண் 0.8, பிள்ளைகள் இருவர்க்கும் தலா 0.6. கூட்டினால் மூன்று. அர்த்தசாத்திரம் பெண்டிர்க்கு முக்கால் என்றது. இக்காலம் அதனை ஐந்தில் நான்கு ஆக்கியது. ஈராயிரம் ஆண்டில் பெண்ணின் தட்டு இருபதில் ஒரு பங்கு உயர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இது வேடிக்கையன்று என்பதைப் பாட்டியாரின் நோட்டு எமக்குக் காட்டியது.

நயா பைசாவும் கிலோவும்

அதற்கு முன் நாணயமும் நிறையும் மாறிய கதையைச் சொல்ல வேண்டும். 1957 ஏப்ரல் முதல் தேதி, பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. ஓர் அணாவிற்கு 6, இரண்டணாவிற்கு 12, மூன்றணாவிற்கு 19, நாலணாவிற்கு 25 என்று மாற்று அட்டவணை வந்தது. உண்மையில் ஓர் அணா ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசா கொள்வோர்க்குச் சேர்ந்ததா விற்போர்க்குச் சேர்ந்ததா என்பதே அந்நாளைய வழக்கு. கொத்துமல்லிக் கட்டை ஒவ்வொரு நாளும் வாங்காமல் நான்கு நாளுக்கு ஒருமுறை நாலணாவாகச் சேர்த்துக் கணக்குத் தீர்த்தால் பின்னத் தொல்லை இல்லை என்று பாட்டியார் கண்டுபிடித்தார். நயா என்ற அடைமொழி 1964-இல் நீங்கியது.

நிறையில் கிலோ 1958 முதல் படிப்படியாக வந்து 1962 ஏப்ரலில் நாடெங்கும் கட்டாயமாயிற்று. சேரைவிடக் கிலோ நூற்றுக்கு ஏழு பங்கு பெரிது. கிலோவின் விலையைச் சேரின் விலையோடு ஒப்பிட்டு, ஏற்றம் ஏழு பங்கிற்கு மேற்பட்டால் அது நிறை மாற்றம் அன்று, விலை ஏற்றமே என்று பாட்டியார் கண்டு கொள்வார். எந்தப் பள்ளியும் அவருக்கு இதைக் கற்பிக்கவில்லை. இன்றும் பொட்டலத்தின் விலை மாறாமல் உள்ளிருக்கும் எடை மட்டும் இளைக்கும்போது நமக்கு வேண்டிய அறிவு இதுவே.

விரதங்களின் ஆண்டு

1965-இல் மழை பொய்த்தது; போரும் மூண்டது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை, திங்கள் மாலை உணவை விடுமாறு நாட்டு மக்களை வேண்டினார். எம் பாட்டியார்க்கு அது எளிதாயிற்று. சோமவார விரதம் அவர்க்கு ஏற்கெனவே வழக்கம். 1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1972-இல் மகாராட்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. எண்ணெய், சர்க்கரை, தானியம் யாவும் எட்டாத உயரம் சென்றன. அப்போது பம்பாய்ப் பெண்டிர் மிருணாள் கோரே, அகல்யா ராங்கணேகர் முதலியோர் தலைமையில் பூரிக்கட்டை ஏந்தியும் தட்டுகளைக் கரண்டியால் தட்டியும் தெருவில் அணி வகுத்தனர். மளிகைக் கணக்கு அடுக்களையை விட்டு வீதிக்கு வந்த காலம் அது.

1974 மே 8-ஆம் தேதி ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி இருபது நாள் நடந்தது. அதன் நியாய அநியாயங்களைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எம் பாட்டனார் ஓய்வு பெற ஈராண்டு இருந்தது; எம் தந்தையார் பணியில் சேர்ந்து மூன்றாண்டு. இருவர் வருவாயும் ஒருசேர நின்றன. வீட்டில் எண்மர். வாணி என்று இங்கு அழைக்கப்படும் மளிகைக்காரர், கேளாமலே பற்று வைத்துக் கொடுத்தார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். ஆயினும் அக்கடன் கடனே. நோட்டில் ஜூன் மாதம் முதல் "வாணி பாக்கி" என்ற வரி தொடங்குகிறது. மாதந்தோறும் அத்தொகை இளைத்து இளைத்து, பதினான்காம் மாதத்தில் மறைகிறது.

வருவாய் கூடாமல், உண்போர் தொகை குறையாமல், அப்பாக்கி எவ்வாறு தீர்ந்தது? இக்கேள்வி எம்மை வருத்தியது. பட்டியலை மாதம் மாதமாகப் பார்த்தோம். காப்பித்தூள் பாதியாயிற்று. நல்லெண்ணெய் நின்று கடலை எண்ணெய் மட்டும் நிலைத்தது. வளையல் ஒன்று விற்ற தொகை ஒருமுறை வரவில் உள்ளது. இவற்றைக் கூட்டினாலும் கணக்குச் சரிவரவில்லை. எஞ்சியது அரிசியில் மிச்சமானது. எண்மர் வீட்டில் அரிசி எப்படி மிச்சமாகும்? அதே நோட்டின் ஓரங்களில் விடை இருந்தது. ஜூலையில் "வியாழன் விரதம் ஆரம்பம்" என்று ஒரு குறிப்பு. செப்டம்பரில் "சனி விரதம்". அதற்கடுத்து ஏகாதசி, கிருத்திகை, சஷ்டி.

எம் அன்னையார் அப்போது அவ்வீட்டிற்குப் புதிய மருமகள். அவரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டோம். சற்று நேரம் வாளாவிருந்தார். பிறகு, "உன் பாட்டிக்குச் சுவாமி பக்தி உண்டுதான், ஆனா அத்தனை விரதமும் சுவாமிக்காக இல்லேப்பா. கடன் அடைஞ்ச மறுமாசமே சனிக்கிழமை விரதத்தை விட்டுட்டா. நானும் அப்போ புரிஞ்சுக்கலே" என்றார்.

நோட்டைப் புரட்டினோம். பாக்கி தீர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தில் அரிசி நான்கு கிலோ கூடியிருக்கிறது.

0.8 என்ற எண்ணை நாம் அறிஞர் ஏட்டில் படித்தோம். வீட்டில் பற்றாக்குறை நேரும்போது அந்த 0.8 அவ்வாறே நிற்பதில்லை. அது 0.6 ஆகி, 0.5 ஆகி, விரதம் என்ற பெயர் பூண்டு மறைகிறது. பாட்டனாருக்கு 1, பிள்ளைகட்கு உரியது குறையாமல் காத்து, தம் பங்கிலிருந்தே கடனைத் தீர்த்தார் பாட்டியார். பட்ஜெட்டை மீறாமல் நின்றார் என்று அவரை நாம் புகழ்ந்து வந்தோம். அதற்கு யார் விலை கொடுத்தார் என்று எவரும் கேட்கவில்லை.

இன்றைய நிலை

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. நம் பஞ்சப்படியைத் தீர்மானிக்கும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவிற்குத் தரப்பட்ட பங்கு 1960-ஆம் ஆண்டு அடிப்படையில் நூற்றுக்கு 60 அளவில் இருந்தது, 1982 அடிப்படையில் 57, 2001-இல் 46, 2016-இல் 39. எங்கல் கூறியவாறே வருவாய் உயர, சோற்றின் பங்கு தாழ்ந்தது. இது மகிழத்தக்கது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையுடைய ஏழை மக்கட்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உறுதி செய்கிறது.

ஆயினும், பங்கு குறைந்ததால் கவனமும் குறைந்தது. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்வோம். சென்ற ஆண்டு எம் வீட்டில் மூன்று மாதம் தொடர்ந்து துண்டு விழுந்தது. காரணம் அரிசியுமன்று, பருப்புமன்று. கைப்பேசியைத் தொட்டால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் சில்லறைப் பண்டங்களே. பிழை எம்முடையது, கை எம்முடையது. மூன்றாம் மாதத்தில் எம் இல்லத்தரசி, "எனக்கு இராத்திரி பசிப்பதில்லை, பால் போதும்" என்றார். பெட்டியைத் திறந்து படித்திராவிடில் அச்சொல்லை நாமும் நம்பியிருப்போம்.

அன்று முதல் பாட்டியாரின் முறையை மேற்கொண்டோம். சம்பளம் வந்த நாளில், எதையும் வாங்குமுன், பட்டியலை எழுதுகிறோம். அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், பால் என்ற ஐந்தும் முதலில், அவற்றில் கைவைப்பதில்லை. காய்கறிக்கு வாரந்தோறும் தனி உறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை தனி டப்பாவில். எஞ்சியதே முறுக்கிற்கும் பிஸ்கட்டிற்கும். மாத நடுவில் தீர்ந்த பண்டத்தை மறுமாதப் பட்டியலில் எழுதுவதேயன்றி உடனே வாங்குவதில்லை. பாலும் மருந்தும் விலக்கு. மாத இறுதியில் குடும்பத்தார் யாவரும் அமர்ந்து நோட்டைப் படிக்கிறோம். பிள்ளைகள் கூட்டல் போடுகின்றனர். பாட்டியார் முறையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துள்ளோம். துண்டு விழுந்தால் எதைக் குறைப்பது என்பதை யாவரும் கூடி முடிவு செய்வது. எவரும் தனியே தம் தட்டில் குறைத்துக் கொள்ளலாகாது. இரவில் யாவரும் ஒரே பந்தியில் உண்பது. இவ்விரண்டும் வந்தபின் எம் கணக்கு நேராயிற்று. முதலிரு மாதம் தவறினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஐந்து மாதமாகத் துண்டு இல்லை.

நம் காலனியில் அறுபது குடும்பங்கள் உள்ளன. நம்மில் ஒவ்வொருவரும் தனித்தனியே அரை மூட்டை அரிசியும் இரண்டு கிலோ துவரம்பருப்பும் வாங்குகிறோம். திருவல்லிக்கேணியில் 1904-இல் குமாஸ்தாக்கள் செய்ததை நாம் ஏன் செய்தலாகாது? மொத்த அங்காடியிலிருந்து மாதம் ஒருமுறை அரிசியும் பருப்பும் சேர்த்து வாங்கி, சங்கக் கூடத்தில் எடையிட்டுப் பகிர்ந்து கொண்டால், மிச்சமும் உண்டு, நல்ல சரக்கும் கிட்டும். சங்கத்தின் செயற்குழு இதனை ஆராய வேண்டுகிறோம். கணக்கெழுதும் பொறுப்பை ஏற்க நாம் சித்தமாக உள்ளோம். நம் தொழிலே அதுவன்றோ.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கணக்கு நோட்டுகள் இருப்பின், பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். நாம் எந்த ஊரிலிருந்து வந்தோம், எதை உண்டோம், எதை விட்டோம் என்பதற்கு அவையே சான்று. ஆடவர்களிடமும் ஒன்று வேண்டுவோம். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், வீட்டில் கடைசியாக உண்பவர் யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் பட்டியலை எழுதுங்கள்.

வாழ்க தமிழ்க் குடும்பங்கள்! வளர்க நம் சங்கம்!